வாளியில் ஊறிய கடிதங்கள்

அன்புள்ள என்னவருக்கு,

நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். ஐந்து மாதமாக ஒரு வரிகூட வராதபோது வேறு எப்படி வைத்துக்கொள்வது? இங்கே இருவரும் நலம். அதாவது, உங்கள் மகள் நலம். எனக்குத்தான் தலை வெடிக்கிறது.

போன வாரம் என் வகுப்பில் காகிதப் பாடம். இருபத்திரண்டு வாண்டுகள், அதில் நம் வாலும் ஒருத்தி. பழைய தாளை ஊறவைத்துக் கூழாக்கினால் புதுத் தாள் செய்யலாம், அத்தனை மரம் வெட்ட வேண்டியதில்லை என்று தொண்டை கிழியச் சொன்னேன். ஒரு பயல், "அப்போ வீட்டுப்பாட நோட்டையும் ஊறப்போடலாமா டீச்சர்?" என்றான். இன்னொருத்தி கூழைத் தின்றே பார்த்துவிட்டாள். அந்த நோட்டுக்காரனுக்குப் பயந்துதான் ஒரு விதி வைத்தேன்: இரண்டு பக்கமும் எழுதி நிரம்பிய தாளை மட்டும்தான் வாளியில் போடலாம்.

என் வாயை நானே அடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் நிரப்பி, போதாதென்று ஓரத்திலும் நுணுக்கி நுணுக்கி எழுதுகிற ஆள் இந்த வீட்டில் யார்? சனிக்கிழமை துணி காயப்போட்டுவிட்டு வருகிறேன், பீரோவில் இருந்த உங்கள் மூன்று வருடக் கடிதங்களும் குளியலறை வாளியில் கூழாகிக் கிடக்கின்றன. முழங்கை வரை மை அப்பிக்கொண்டு கலக்கிக்கொண்டிருக்கிறாள் மகாராணி!

கத்தினேன். கையும் ஓங்கினேன், பொய் சொல்ல மாட்டேன். அவள் அழவில்லை. "அப்பாகிட்ட பேப்பர் தீர்ந்துபோச்சும்மா, அதான் எழுதல. நாமளே செஞ்சு அனுப்பலாம்" என்கிறாள். அதற்கு மேல் நான் என்ன செய்ய? ஓங்கிய கையாலேயே கூழை அள்ளிச் சல்லடையில் பரப்பிக் கொடுத்தேன்.

நான்கு தாள் தேறியது. இத்துடன் வைத்திருக்கிறேன். அட்டை மாதிரி தடிமன், ஒன்றில் அவள் கட்டைவிரல் பதிந்திருக்கிறது. மை ஊறும், பரவாயில்லை, பென்சிலால் எழுதுங்கள். இன்றே போய்ச் சேர்ந்துவிடுமா என்று காலையிலிருந்து ஏழு முறை கேட்டுவிட்டாள். ஐந்து மாதமாக அவளுக்கு நான் சொல்லிவந்த சாக்கெல்லாம் தீர்ந்துவிட்டது. எடுத்துப் படிக்க எனக்கும் இனி பீரோவில் ஒன்றும் இல்லை.

கோபமானால் திட்டியாவது எழுதுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள். மறுபக்கம் காலியாக இருந்தால்தான் அவள் அதை வாளியில் போடமாட்டாள்.

இன்னும் உங்களுடைய,
வாலின் அம்மா