அலமாரியின் கீழ்த்தட்டு

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று பாப்பா வாந்தியெடுத்து மயங்கி விழுந்தாள். வளர்ப்புப் பிள்ளையாக நம் வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கெட்டுப்போனதைத் தின்றிருக்கிறாள் என்றார் டாக்டர். நான் அப்படி எதையும் கொடுக்கவில்லை அக்கா. அவள் தலையணை உறைக்குள் பார்த்தேன். பூசணம் பிடித்த ரொட்டி, பாதி முட்டை.

உன் கடைக்குப் பின்னால் வளர்ப்புப் பெற்றோருக்கு நடத்துகிறாயே சமையல் வகுப்பு, அதில் சொன்னபடிதான் எல்லாம் செய்கிறேன். பருப்போடு கீரை, மலிவான காயை அன்றே சமைப்பது, மிச்ச சாமான் அலமாரியில், அலமாரிக்குப் பூட்டு. செலவும் கையை மீறவில்லை, அவளுக்கும் வயிறு நிறையப் போடுகிறேன். பிறகு ஏன் ஒளிக்கிறாள்?

வெள்ளிக்கிழமை குழந்தைகள் நல அதிகாரி வருகிறார். பட்டினி போட்டாயா என்று கேட்டால் என்ன சொல்வேன்? கூட்டிக்கொண்டு போய்விடுவார். போனில் பேசினால் அவள் காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன்.

உன் தங்கை

மார்ச் 5

அன்புள்ள தங்கச்சிக்கு,

பூட்டு என் புத்தி, தள்ளுவண்டிக் காலத்திலிருந்து வந்தது. பூட்டாவிட்டால் சரக்குக்குக் கால் முளைத்துவிடும். அதையே வீட்டுக்கும் சொல்லிவிட்டேன். முன்பு பட்டினி கிடந்த பிள்ளைக்கு நீ போடும் சோறு கண்ணில் படாது, உன் இடுப்புச் சாவிதான் படும். நாளைக்குக் கிடைக்குமோ என்று ஒளிக்கிறாள்.

முதலில் பூட்டைக் கழற்று. அதிகாரியிடம் எதையும் மறைக்காதே, என்னைக் கைகாட்டு. வகுப்புக்கு வந்தவர்களில் இன்னும் எத்தனை வீட்டில் பூட்டு தொங்குகிறதோ. இன்றே வீடு வீடாகப் போகிறேன்.

பாப்பாவிடம் கெஞ்சாதே. வியாபாரம் பேசு. அவளுக்கு என்ன வேண்டும் என்று கேள்.

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

அதிகாரி வந்தார். பூட்டை மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் பாப்பாவிடம் திரும்பி, "இங்க இருக்கியா, எங்ககூட வர்றியா?" என்றார். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"சாவி யார்கிட்ட இருக்கும்?" என்று பூட்டைப் பார்த்துக் கேட்டாள்.

"நீயே வச்சுக்கம்மா" என்றேன்.

"சாவி வேணாம். பூட்டே வேணாம்."

இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்று சொல்லிப் போயிருக்கிறார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்குப் பகீரென்கிறது.

நீ சொன்னபடி அவளோடு பேசி முடித்துவிட்டேன். கறாரான பிள்ளை, உன்னையே மிஞ்சுவாள். அலமாரியின் கீழ்த்தட்டு அவளுடையது. அதை அவளே நிரப்புவாள். எப்போது எடுத்தாலும் ஏன் என்று நான் கேட்கக் கூடாது. பதிலுக்கு, தலையணை உறைக்குள் தலையணை மட்டும்தான்.

தங்கை