உண்ணிக்கு வைத்த பெயர்

மார்ச் 4
மாட்டுக் கொட்டகையிலிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு வந்த உண்ணிகளில் சிலவற்றுக்கு முன்காலில் கூடுதலாக ஒரு முள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத முள். புது இனமேதான். அப்படியென்றால் ஜூனில் முடியும் என் ஒப்பந்தத்தை நீட்டித்தே ஆக வேண்டும்.

பெயர் வைப்பதும் நான்தான். யோசிக்கவே தேவையில்லை — ஆய்வகத் தலைவி மேடத்தின் பெயர், பின்னால் ஒரு லத்தீன் வால். போன வருடம் என் கட்டுரையில் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்டவள். ரத்தம் குடித்து உப்பும் ஜந்துவுக்கு அவளைவிடப் பொருத்தமான ஆள் யார்? எங்கள் துறையில் இது மரியாதை. பல்லைக் காட்டி நன்றி சொல்லித்தான் ஆக வேண்டும்.

மார்ச் 5
முள் இல்லாதவை எல்லாம் சாதாரண மாட்டுண்ணி. "கொட்டிடலாம் மேடம்" என்றேன். "இருக்கட்டும்மா, ஒரு குப்பில போட்டு என் மேசைல வை." குப்பையைக்கூட விடமாட்டாள்.

மார்ச் 19
முள் மட்டும் போதாதாம். மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து, தெரிந்த இனங்களோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டுமாம். படிக்கட்டும். ஆய்வகக் கணினிக்காரரிடம் மாதிரியைக் கொடுத்தேன். மேடமும் தன் குப்பியை நீட்டினாள்.

ஏப்ரல் 2
பெயரை வீட்டுக்காரரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "பாவம், அவங்க பொண்ணும் நம்ம பொண்ணும் ஒரே கிளாஸ். பிள்ளைங்க கேலி பண்ணாதா?"

பண்ணட்டும். நன்றாகப் பண்ணட்டும்.

ஏப்ரல் 3
இன்னும் சிரிப்பு வருகிறது.

ஏப்ரல் 28
என் முள் உண்ணிகள் வெறும் மாட்டுண்ணி. முள் சும்மா, சிலருக்கு ஆறாவது விரல் இருப்பது மாதிரி.

"அப்ப மேடம் குடுத்த குப்பி?"

கணினிக்காரர் நிமிரவில்லை. "அதுதாங்க புதுசு. எதோடயும் சேரல."

நான் கொட்டச் சொன்னது. கண்ணை எங்க வெச்சிருந்தேன்? முள்ளையே பாத்துட்டு — சே.

மே 20
கட்டுரை தயார். மேடம் பெயர் மட்டும். எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னாள்: "இனத்துக்கு உன் பேரைத்தாம்மா வெச்சிருக்கேன். நீ கொட்டச் சொன்னதாச்சே." குரலில் தேன். கை தட்டினார்கள். பல்லைக் காட்டி நன்றி சொன்னேன்.

ஜூன் 30
ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. கண்டுபிடிப்பு எதுவும் இல்லையாம். சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 3
மகள் பள்ளியிலிருந்து வந்து பையை எறிந்தாள். "நாளைக்கு நான் போக மாட்டேன்."

ஏன் என்று அவர்தான் கேட்டார். நான் கேட்கவில்லை.