சங்கரி விசாரித்த வேலைகள்

லாஸ்பேட்டை,
புதுச்சேரி,
12.1.2003

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் மாமாவும் அந்தக் குளிரில் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நின்று கேட்கிறாள், அதனால்தான் கடிதம். பதிலை டிபார்ட்மெண்ட் முகவரிக்குப் போடு.

மே மாதத்தோடு எம்.எஸ்சி. முடிகிறது. பாட்டனி படித்தவளுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று விசாரிக்கச் சொன்னாயே, காலாப்பட்டில் எங்கள் புரொபசர் இராமதாஸ் சாரிடமே போய்க் கேட்டேன். “என் பொண்ணையே கம்ப்யூட்டர்லதாம்மா சேத்துட்டேன்” என்றார். பாடம் நடத்துகிறவரே இப்படிச் சொன்னால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

வீட்டில் வேறு கதை ஓடுகிறது. உனக்குப் பார்த்த மாதிரியே எனக்கும் பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளை வந்திருக்கிறார், அவரும் பாரீஸில்தான் இருக்கிறார், பெயர் புருஷோத்தமன். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். ஜூன் வரை தவணை கேட்டிருக்கிறேன். அதற்குள் வேலை கிடைத்தால் தப்பித்தேன்.

உன் சங்கரி

பாரீஸ்,
2.2.2003

என் செல்லச் சங்கரி,

பி.காம். முதல் வகுப்பில் தேறிய உன் அக்கா இங்கே ஒரு பள்ளிக்கூட கேண்டீனில் தட்டு கழுவுகிறாள். பாஷை சரியாக வராதவளுக்கு வேறு என்ன தருவார்கள்? மாமா நல்லவர்தான். ஆனால் அவருக்கு நைட் ஷிப்ட், நாங்கள் பேசிக்கொள்வதே ஞாயிற்றுக்கிழமைதான்.

நீயும் வந்து மாட்டிக்கொள்ளாதேடி. பி.எட். சேர், பேங்க் பரீட்சை எழுது, மருந்துக் கம்பெனியில் கேள். சின்ன வேலையாக இருந்தாலும் பரவாயில்லை. அப்பாவிடம் நான் பேசுகிறேன்.

கமலா

லாஸ்பேட்டை,
20.4.2003

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அப்பாவிடம் பேசியது தப்பாகப் போய்விட்டது. போனை வைத்ததும் அம்மா சொன்னாள்: “தங்கச்சி தனக்குச் சமமா வந்துடக் கூடாதுன்னு பொறாமை அவளுக்கு. கஷ்டப்படறவ போட்டோவுல இப்படிப் பளபளன்னு இருப்பாளா?” எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

மருந்துக் கம்பெனிக்கு பைக் ஓட்டும் ஆண்பிள்ளைதான் வேண்டுமாம். பி.எட்.டுக்கு இன்னும் ஒரு வருடம் பொறுக்க அப்பா தயாராயில்லை. ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில், “கல்யாணம் ஆனா நின்னுடுவீங்களேம்மா” என்று அனுப்பிவிட்டார்கள். பேங்க் பரீட்சைக்கு வருடக்கணக்காகப் படிக்கும் சீனியர் அஞ்சலாட்சி, புத்தகத்தையெல்லாம் என்னிடமே கொடுத்துவிட்டாள். “நீயே வெச்சுக்கடி, எனக்குப் போதும்” என்றாள். அதை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன்.

சங்கரி

பாரீஸ்,
11.5.2003

சங்கரிக் கண்ணு,

அம்மா என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், நீ என்னை நம்பு. ஜூலையில்தான் எனக்கு லீவு. நான் வந்து நேரில் பேசும் வரை சம்மதம் மட்டும் சொல்லிவிடாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

கமலா

லாஸ்பேட்டை,
15.6.2003

அன்புள்ள அக்காவுக்கு,

சம்மதம் சொல்லிவிட்டேன். யாரும் மிரட்டவில்லை. வேலை கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்விட்டது, அவ்வளவுதான். புருஷோத்தமன் நேற்று பாரீஸிலிருந்து போன் செய்தார். அங்கே நான் என்ன வேலைக்குப் போகலாம் என்று அவரிடமும் கேட்டேன். “வந்தப்புறம் பாத்துக்கலாம்” என்றார்.

நீ எழுதியது அத்தனையும் நிஜம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அம்மா சொன்ன மாதிரி நீ பொறாமையில்தான் சொன்னாய் என்று நம்பப் பார்க்கிறேன். அப்படி நம்பினால்தான் என்னால் கிளம்ப முடியும்.

இதற்குப் பதில் போடாதே அக்கா.

சங்கரி