அரசி முகம் பொறியாத காசு

கடல் சூழ்ந்த நீலவாரி நாட்டின் காவலையும் கவலையையும் ஒருங்கே ஏற்ற அரசி மங்கலநங்கை, சுரிசங்குப் பட்டினத்துப் பங்குமண்டபத் தலைவர் கண்டன் பெருந்தேவனார்க்கு எழுதுவித்த ஓலை. உம் துறையில் அலை தணிக. உம் மண்டபத்தில் வழக்கு ஒழிக. கப்பல்களில் பங்கு வைத்திருப்போர் எல்லோரையும் பக்கத்தில் அழைத்து அமர்த்தி, இதை உரக்க வாசிப்பீராக. அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் ஒரு கதை இருக்கிறது. கட்டுக்கதை அன்று, நம் வீட்டுக் கதை.

தந்தையார் மறைந்த பதினான்கு திங்களில் இந்நாடு மூன்று ஆட்சி கண்டுவிட்டது. தமையனார் அமர்ந்தார், ஏழாம் திங்களில் போரில் மாண்டார். அடுத்துச் சிற்றப்பன் மகன் ஏறினான். கருவூலப் பொன்னை வாரிக்கொண்டு மலைநாட்டுக்கு ஓடினான். இப்போது நாம். ஆள்பவர் மாறினால் காசில் முகம் மாறுவது எம் குலவழக்கம். முகம் மாறிய ஒவ்வொரு முறையும் பொன் குறைந்தது, செம்பு கூடியது. மறைக்க என்ன இருக்கிறது? போருக்குப் பொன் வேண்டியிருந்தது.

அதனால் விளைந்ததை நீரே எழுதினீர். அரண்மனையில் ஆள் மாறிய செய்தி வந்தாலே தீவு வணிகர் தம் பங்குகளை விற்று, காசை வெள்ளியாக்கிக் கப்பலேறுகின்றனராம். அதைக் கண்டு நம்மவரும் விற்கின்றனராம். காலையில் நூறு காசு பெற்ற பங்கை அந்தியில் அறுபதுக்கும் கேட்பார் இல்லையாம். மறுவாரம் காசின் மதிப்பு இன்னும் சரிய, அதே பங்கு நூற்றைம்பதாம். அந்த நூற்றைம்பதுக்கு, முன்பு நூறு காசுக்கு வாங்கிய அரிசியில் பாதிகூட வாராதாம்.

கப்பற்பாய் தைக்கும் உமையாத்தாளும் அவள் தெருவில் வாழும் பெண்கள் பதினொருவரும் பத்தாண்டு சேமித்து, மிளகு ஏற்றச் சென்ற மரக்கலத்தில் ஒரு பங்கு வாங்கியுள்ளனர் என்றும், நிறைமதி நாளில் நம் முகக்காசு வெளிவருமுன் அதைக் கால்விலைக்கு விற்கத் துணிந்தனர் என்றும் எழுதினீர். அவள் உம்மிடம் கேட்ட சொல் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை: “காசுல மூஞ்சி மாறினா கப்பல்ல இருக்கிற மிளகு குறைஞ்சிருமாய்யா? குறையாதுன்னு நீங்க சொல்லுங்க, நான் விக்கல.” அக்கேள்வியை நீர் நமக்கே அனுப்பினீர். உம்மைக் குறை சொல்லோம். சொல்ல வேண்டியவர் நாம்.

கடல் கொண்டாலொழிய மிளகு குறையாது; அதை விற்று வரும் காசிலும் இனிப் பொன் குறையாது. இதை நம் பெயரால் அவளுக்குச் சொல்க. விற்பதும் வைத்திருப்பதும் அவள் விருப்பம்.

நம் முகத்தைக் காசில் பொறிக்க வேண்டாம் என்றோம். காசில் முகம் இல்லாத அரசியை எவர் மதிப்பர் என்றனர் அமைச்சர். இருக்கலாம். நாம் கண் அயர்ந்து நாளாயிற்று, வாதாட வலுவில்லை. தந்தையாரின் பழைய அச்சும் பழைய எடையுமே இனி நிற்கும். நம் முடிக்கென வைத்த பொன் காசாக உருகும். தமையனாரின் காசையும் ஓடியவனின் காசையும் அவற்றிலுள்ள பொன்னளவுக்கே கொள்க. அதனால் இழப்போர் உண்டு; அதை ஈடுசெய்ய நம்மால் இயலாது என்பதையும் ஒளியாமல் சொல்க. விலை நாளையே ஏறும் என்றோ, தீவு வணிகர் திரும்புவர் என்றோ வாக்களியோம்.

நம் முகம் வெட்டிய அச்சு இவ்வோலையோடு வருகிறது. வாசித்து முடிந்ததும் மண்டப வாயிலில், எல்லோரும் காண, கொல்லன் அதை உடைப்பானாக. இது ஆணை, சங்கு இலச்சினை இட்டோம்.

இதுவரை பொறுமையாய்க் கேட்டிருந்தீர்களே, உங்கள் வீடுகளில் உலை கொதிக்க, பிள்ளைகள் பசியாற, கடலேறியவர் கரை சேர்க.