நாடகப் போலீஸிடம் போன அட்டை

என்னங்க, வணக்கம். மூட்டுவலி குறைந்ததா? சொல்லவே வெட்கமாக இருக்கிறது: போன வாரம் நூறு பேர் முன்னால், செய்யாத கொலையை ஒப்புக்கொண்டேன்.

பதறாதீர்கள், நாடகம்தான். ஓட்டலில் சாப்பிடுகிறவர்கள் நடுவிலேயே நடிப்பார்கள்; கொலைகாரனை நாம் கண்டுபிடிக்க வேண்டுமாம். முதலாளியம்மாவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நானும் போனேன். சூப் வந்ததும் ஒருவர் மேஜையில் சாய்ந்து செத்தார். உடனே ஒரு இன்ஸ்பெக்டர் வந்து என்னைப் பார்த்து, "நீதானே செஞ்ச?" என்றார். நான் அதட்டுவது உங்களை மட்டும்தானே, போலீஸ் உடுப்பைக் கண்டால் கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிடுவேன். "ஆமாங்க சார், மன்னிச்சிருங்க" என்று வேலை அனுமதி அட்டையை நீட்டிவிட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். அவர் அதைத் தடயப் பையில் போட்டார், அப்படியே மறந்து அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

இந்த நாட்டில் அட்டை இல்லாமல் வெளியே போகக் கூடாது, ஆறு நாளாக வாசல் தாண்டவில்லை. "யாராச்சும் கேட்டா நான் சொல்லிக்கிறேன், வாம்மா" என்கிறார் முதலாளியம்மா. தெருவில் கேட்பவர் நிஜப் போலீஸ் ஆயிற்றே.

புது அட்டைக்கு எழுதிப் போட வேண்டும்; வீட்டு பீரோவில் என் பாஸ்போர்ட் நகல் இருக்கும், உடனே அனுப்புங்கள். கவரில் இடம் மிஞ்சும். நாலு வரி எழுதிப் போடுங்கள், திட்டியாவது.

இன்று நாடகக்காரர்களிடமிருந்து தபால் வந்தது. பை மாறிவிட்டது போல, உள்ளே அட்டை இல்லை, இன்ஸ்பெக்டருடைய ஒட்டு மீசை இருந்தது. பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.