இடது மிதவையில் தண்ணீர்

அன்பு மகளுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும், அந்த ஒரு வார்த்தைக்கு மேலே கை ஓடாமல் மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன், அதனால்தான் உன் கடிதம் வந்து ஏழு வாரம் கழித்துப் பதில் வருகிறது. ஃபோனில் நீ கேட்கும்போதெல்லாம் படகில் இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது என்று சொன்னேனே, அது பொய். ஃபோனில் என் குரல் உடைந்தால் நீ லீவு போட்டுவிட்டு ஓடி வருவாய், கடிதத்தில் என் குரல் உனக்குக் கேட்காது, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கே எங்கே தப்பு செய்தேன் என்று பிடிபடும். பம்ப் கம்பெனியை மூடின பிறகு அப்பா ஐந்து மாதம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தே கிடந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், தட்டைப் பார்ப்பார், போய்ப் படுத்துக்கொள்வார். இருபத்திரண்டு வருஷம் காலை ஏழு மணிக்கு சைரன் கேட்டு எழுந்த மனுஷனுக்கு எழுந்திருக்க ஒரு காரணம் இல்லாமல் போய்விட்டது. பாலம் உடைந்து அக்கரைக்குப் போகிறவர்கள் ஒன்றரை மணி நேரம் சுற்றிப் போகிறார்களே, படகு ஒன்று இருந்தால் பிழைப்பாச்சே என்று சித்தப்பா பேச்சுவாக்கில் சொன்னது அவர் காதில் எப்படி விழுந்ததோ, மறுநாள் துறைமேட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஆறு வருஷமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்த அந்த மிதவைப் படகைப் பார்த்துவிட்டு சட்டையெல்லாம் பாசியாக வந்து நின்றார். மோட்டார் சைக்கிளை விற்று அதை வாங்கினார். கீழே இரண்டு நீள அலுமினியக் குழாய்கள், அவைதான் மிதவை, மேலே பலகைத் தளம், சுற்றிலும் கம்பி, அவ்வளவுதான் அந்தப் படகு. தளம் மக்கிப்போய் நடுவில் ஒரு செடி இடுப்பளவு வளர்ந்திருந்தது, ஸ்டியரிங் பெட்டிக்குள் குளவிக்கூடு. சித்தப்பாவுக்கு வாய் சும்மா இருக்குமா, ஏண்ணே இது படகா, கால் ஒடிஞ்ச கட்டிலுக்கு ரெண்டு குழாயைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கு என்றார். அன்றிலிருந்து தெருவில் அதற்குக் கட்டில் என்றே பெயர். கட்டில் எப்போ மிதக்கும் என்று பால் ஊற்றுகிறவர் வரைக்கும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்பாவுக்குக் கோபமே வரவில்லை, சிரித்தார், அந்தச் சிரிப்பைப் பார்த்து நான் சமையலறைக்குள் போய் அழுதேன்.

கையில் இருந்ததை வைத்துத்தான் எல்லாம் செய்தோம். தளத்துக்குப் பலகை, கண்காட்சி முடிந்து பிரித்துப்போட்ட கடைகளிலிருந்து வந்தது, அதில் பாதி எழுத்து இன்னும் தெரியும், ஓட்டுகிறவர் காலடியில் 'இலவசம்' என்று இருக்கும். இருக்கைகள், மூடிப்போன ஒரு பல் ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் பெஞ்சுகள். உன் முதல் சம்பளத்தில் நீ அனுப்பினதற்கு நீல ரெக்ஸின் எடுத்து நானே உறை தைத்தேன், நாலு ஊசி ஒடிந்தது. எஞ்சினைப் பிரித்து நம் சாப்பாட்டு மேஜைமேல் பரப்பிவிட்டார், ஒரு மாதம் எஞ்சின் மேஜையில் சாப்பிட்டது, நாங்கள் தரையில் சாப்பிட்டோம். அப்படி ஒரு சந்தோஷமான மாதம் எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து இல்லை என்றால் நீ நம்ப மாட்டாய்.

இடது மிதவையின் மூக்கில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் இருந்தது. அலுமினிய வெல்டிங்குக்கு வெளியே கொடுத்தால் படகு விலையில் பாதி கேட்டார்கள். அப்பா மெஷினை வாடகைக்கு எடுத்து, தானே கற்றுக்கொள்கிறேன் என்று உட்கார்ந்தார். இரும்பு என்றால் சிவந்து காட்டிக்கொடுக்கும், இது நிறமே மாறாமல் நின்று திடீரென்று உருகி ஓடிவிடும், பொல்லாத உலோகமடி என்பார். மூன்று வாரம் கழிவுத் துண்டுகளை ஒட்டி ஒட்டி உடைத்துப் பார்த்தார், நாலாவது வாரம்தான் மிதவையில் கை வைத்தார். முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு என் விரலைப் பிடித்து அந்தத் தழும்பின்மேல் தடவிக் காட்டினார், உன் பின்னலை நான் முதல் முதலாகப் பின்னிவிட்டபோது உன் விரலைப் பிடித்துக் காட்டினேனே அதே மாதிரி.

இனிமேல்தான் நான் இத்தனை நாள் யாரிடமும் சொல்லாதது. அடியில் பாசியும் சிப்பியும் பிடிக்காமல் இருக்க ஒரு பெயிண்ட் அடிக்க வேண்டும். துறைமேட்டில் மரப்படகு வைத்திருந்தவர் ஒருவர் தொழிலை விட்டுவிட்டார், அவரிடம் உடைக்காத மூன்று டின் இருந்தது, சிவப்பு நிறம், அரை விலைக்குத் தருகிறேன் என்றார். அப்பா ஒரு டின்னை வீட்டுக்குக் கொண்டுவந்து, இது நம்ம படகுக்கு ஆகுமா, படிச்சவ நீ பாத்துச் சொல்லு என்று என் கையில் கொடுத்தார். நான் படித்தேன். தாமிரம் சேர்ந்தது என்று போட்டிருந்தது. ஓ தாமிரம் இருந்தா சிப்பி கிட்டவே வராது, தாராளமா அடிங்க என்று சொன்னவள் நான்தான். விலை குறைவு என்ற சந்தோஷத்தில் அதற்குக் கீழே பொடி எழுத்தில் அலுமினியத்துக்கு ஆகாது என்று இருந்ததைப் பார்க்கவில்லை. பார்க்கவே வேண்டியதில்லையே, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கினவள். உப்புத் தண்ணீரில் தாமிரத்தையும் அலுமினியத்தையும் சேர்த்து வைத்தால் தாமிரம் தப்பித்துக்கொள்ளும், அலுமினியம்தான் கரையும் என்று இரண்டு பக்கத்துக்குப் படம் போட்டு எழுதி மார்க் வாங்கினேன், அந்தப் பரீட்சை எழுதும்போது நீ வயிற்றுக்குள் ஏழு மாதம், உதைத்துக்கொண்டே இருந்தாய். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, என் சுரைக்காய் படகையே கவிழ்த்துவிட்டது.

ஒன்பது வாரம் படகு உப்பங்கழியில் கட்டிக் கிடந்தது. பிறகு ஆள் ஏற்ற அனுமதி கொடுக்கும் அதிகாரி வந்தார். இருபது பேர் எடைக்குத் தண்ணீர் நிரப்பின டிரம்களை ஏற்றி, காலையிலிருந்து மாலை வரை நிறுத்தி வைக்கச் சொன்னார். பதினொரு மணிக்கே இடது பக்கம் இறங்க ஆரம்பித்தது. அதிகாரி குனிந்துகூடப் பார்க்காமல், முன்னாடி ஒட்டினது விட்டுப்போச்சுபோல, கத்துக்குட்டி வேலைன்னா இப்படித்தான் ஆகும் என்று சொல்லி எழுதிக்கொண்டு போய்விட்டார். அப்பா வீட்டுக்கு வந்து கை கழுவினார், ரொம்ப நேரம் கழுவினார், போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

படகைக் கரையேற்றின மறுநாள் நான் மட்டும் போனேன். அவருடைய ஒட்டின்மேல் விரலை வைத்துப் பார்த்தேன், சொட்டு ஈரம் இல்லை மகளே, இரும்பு மாதிரி இருக்கிறது. கீழே படுத்து அடிப்பக்கம் பார்த்தேன். கயிறு உரசிப் பெயிண்ட் போன இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக மாவு பூத்திருக்கிறது, தட்டினால் உதிர்கிறது, உதிர்ந்த இடத்தில் குண்டூசி முனை அளவு ஓட்டைகள், அதிலிருந்துதான் தண்ணீர் வடிகிறது. எண்ண ஆரம்பித்து நாற்பதில் விட்டுவிட்டேன். வலது மிதவையிலும் மாவு பூக்க ஆரம்பித்திருக்கிறது. மிதவை இரண்டையும் தின்றது நான் சொன்ன பெயிண்ட். அவர் கை இல்லை.

அன்றைக்கே வந்து சொல்லியிருக்க வேண்டும். வாசல்படியில் ஏறும்போதுகூடச் சொல்லத்தான் வந்தேன். அவர் முதுகைப் பார்த்ததும் அரிசியை எடுத்துப் புடைக்க உட்கார்ந்துவிட்டேன். சொன்னால், உங்கள் வேலை நன்றாகத்தான் இருந்தது, நான்தான் கெடுத்தேன், இனி ஒட்டவும் வழியில்லை என்று ஒரே மூச்சில் சொல்ல வேண்டும், முதல் பாதியைக் கேட்டு எழுந்தால் இரண்டாம் பாதியில் மறுபடி விழுந்துவிடுவாரே. சொல்லாமல் இருந்தால் கை போச்சுடி, என் கைக்கு வேலை மறந்துபோச்சு என்று தூக்கத்தில்கூட உளறுகிறார். ஆறு வாரமாக இப்படியே. நடுவில் இரண்டு நாள் தனியாகக் கழிப் பக்கம் நடந்தார், கடைக்குப் போகிற மாதிரி பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினார், என் காலி பையைப் பார்த்தார். அன்றிலிருந்து அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே நானும் எழுந்துவிடுகிறேன்.

வியாழக்கிழமை பழைய இரும்புக்காரரின் லாரி வருகிறது. சித்தப்பா பேசி முடித்துவிட்டார், அப்பா சுவரைப் பார்த்தபடியே சரி என்று சொல்லிவிட்டார். லாரி ஏறிவிட்டால் அப்புறம் நான் எதைக் காட்டி அவரிடம் சொல்வது? அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். வாயால் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை, இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் அவர் தலைமாட்டில் வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விடுவேன், படித்துவிட்டு அவரே தபாலில் போடட்டும். இது உன் கைக்கு வந்தால் அவர் படித்துவிட்டார் என்று தெரிந்துகொள். வராமலே போனால் உன் அம்மா கோழை என்று வைத்துக்கொள்.

நீ இதற்காகக் கிளம்பி வராதே. உன் ரூமில் ஒழுகுகிறது என்றாயே, வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேள், வாயால் கேட்டால் காற்றில் போய்விடும். தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட் பார்க்காதே. எதை வாங்கினாலும் பொடி எழுத்தையும் படித்துவிட்டு வாங்கு. நீ நோய்நொடி இல்லாமல், செய்த வேலை கைவிடாமல், நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் ஃபோன் செய், என்னிடம் பேசாவிட்டாலும் அவரிடம் பேசு.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா

இதைப் படித்துவிட்டு ஒட்டைப் போய்ப் பார்த்தேன். பிடித்துத்தான் இருக்கிறது. லாரிக்காரரை வர வேண்டாம் என்று சொல்லவில்லை, மிதவை இரண்டும் தேறாது, அதற்கு மனதைத் தேற்றிக்கொள். உன் அம்மா காலையில் போனவள் இருட்டுகிற நேரம் ஆகியும் வரவில்லை. தேடிக் கூட்டிவரப் போகிறேன், போகிற வழியில் இதைத் தபாலில் போடுகிறேன்.
அப்பா