ஆயுத பூஜைக்கு வந்த அதிகாரிகள்

கிள்ளை,
ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

அன்பு மச்சான் ஜெயப்பிரகாஷுக்கு மாமா மணவாளன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். மழை பிடித்துவிட்டது. மாதக் கடைசியில் பஹ்ரைன் வேலையை விட்டுவிட்டு வந்து நம் தையல் யூனிட்டில் கூட்டுச் சேரப்போவதாகப் போனில் சொன்னாய். பரங்கிப்பேட்டை பஷீர் பாய் திங்கட்கிழமை விமானம் ஏறுகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்து முடிக்கும்வரை ராஜினாமாவைக் கொடுக்காதே.

உன்னை ஊருக்கு இழுப்பது அந்த அறிவிப்புதான் என்று தெரியும். கிராமப்புறத்தில் பெண்களுக்கு வேலை கொடுக்கும் முதலாளிகளுக்கு ஊக்கத்தொகை, வரியில் சலுகை என்று டிவியில் சொன்னார்கள். பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டு, கரண்ட் போனால் பெண்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்த என்னை முதலாளி என்று முதலில் அழைத்தது அரசாங்கம்தான். அந்த மரியாதையில் மயங்கி விண்ணப்பம் போட்டேன். கடலூரில் ஓர் அலுவலகம் அதை வாங்கிக்கொண்டு, நேரில் வந்து பார்த்த பிறகுதான் தொகை என்றது. நியாயம்தானே. வைகாசியிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு முதல் நாள் ஆய்வாளர் வந்தார். நம் வழக்கம் உனக்குத் தெரியும். அன்று மத்தியானத்தோடு வேலையை நிறுத்தி, மிஷின்களைத் துடைத்து எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்துவிடுவோம். பிறகு விஜயதசமி அன்றுதான் தொடுவோம். ஆய்வாளர் நெற்றியிலும் சந்தனம் இருந்தது. அவரும் அலுவலகத்தில் பூஜையை முடித்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார்.

ஒரு மிஷினை ஓட்டிக் காட்டச் சொன்னார். நம் சூப்பர்வைசர் தங்கம்மாள், "சாமிக்குப் படைச்சத எப்பிடி சார் மிதிக்கறது? பூஜை முடிஞ்சி வாங்க, நாள் பூரா ஓட்டிக் காட்றோம்" என்றார். ஆய்வாளர் பதறிப்போய், "ஐயோ, வேணாம்மா, தெய்வக் குத்தம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். சுண்டல் சாப்பிட்டார். வீட்டுக்கும் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டார். பிறகு கடலூர் போய் அறிக்கை எழுதினார்: ஆய்வின்போது இயந்திரங்கள் எதுவும் இயங்கவில்லை, பணியாளர் எவரும் பணியில் இல்லை, தொழிற்கூடம் செயல்படாத நிலையில் உள்ளது. ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. சுண்டலைப் பற்றி மட்டும் குறிப்பு இல்லை.

அவர் ஜீப் திரும்பியதும் பேரூராட்சியில் வரி போடுகிறவர் வந்து சேர்ந்தார். அதற்குள் பெண்களின் வீட்டுக்காரர்கள், மாமியார்கள், பிள்ளைகள் எல்லோரும் பூஜைக்கு வந்துவிட்டார்கள். அவர் வாசலில் நின்று தலைகளை எண்ணி, அத்தனை பேரையும் ஊழியர் என்று எழுதிக்கொண்டார். சூடம் காட்ட வந்த பக்கிரிப் பூசாரியும் இப்போது என் ஊழியர். கட்டிடத்துக்குத் தொழிற்சாலை விகிதத்தில் சொத்துவரி, அத்தனை தலைக்கும் தொழில்வரி என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. நம் யூனிட் ஊக்கத்தொகை கேட்டால் மூடிக் கிடக்கிறது. வரி என்று வந்தால் நிற்க இடமில்லாமல் திணறுகிறது.

கடலூருக்குப் போய்க் கேட்டேன். "பூஜைன்னு முன்னாடியே ஒரு லெட்டர் குடுத்திருக்கணும் சார்" என்றார் மேஜைக்காரர். அவருடைய கம்ப்யூட்டரில் குங்குமம் இன்னும் அழியவில்லை. என்றைக்கு வருவீர்கள் என்று தெரிந்தால்தானே கொடுக்க முடியும் என்றேன். முன்கூட்டிச் சொன்னால் அது ஆய்வே இல்லையாம். மறு ஆய்வு அடுத்த நிதியாண்டில்.

சிதம்பரத்தில் நம் ஆடிட்டர் திருநாவுக்கரசு இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். "யூனிட் ஓடலன்னு அவுங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. இதவிட என்ன வேணும்? இத மூடிட்டு உங்க மச்சான் பேர்ல புதுசா ஒண்ணு தொறங்க. வெளிநாட்டுலேருந்து வர்றாரு, புது யூனிட்டு, எல்லாச் சலுகையும் உண்டு" என்றார். ஒரே ஒரு நிபந்தனை. ஆட்களும் புதிதாக இருக்கவேண்டும். ஏற்கெனவே பி.எப். எண் உள்ளவர்களுக்குத் தொகை கிடையாது. அதாவது, வேலை கொடுத்துக்கொண்டிருப்பவனுக்கு ஒன்றும் இல்லை. இருக்கிறவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறுபடி வேலை கொடுத்தால் அவன் வேலை கொடுத்தவன்.

தங்கம்மாளிடம் மறைக்க மனம் வரவில்லை, சொல்லிவிட்டேன். அவர் கையில் இருந்த சட்டைக் காலரைக் கீழே வைக்காமலே கேட்டார்: "அப்ப பொத்தான் கட்டத் தெரியாத புள்ளைக்குத்தான் காசு தருவாங்க. வேல கத்துக்கிட்டது எங்க தப்பா சார்?" பதிலை அரசாணையில் தேடினேன், அதில் இல்லை.

அதனால் யூனிட்டை மூட மாட்டேன் என்று ஆடிட்டரிடம் சொல்லிவிட்டேன். தை வரை தாங்கும் என்கிறார். உன் பேரில் புதிதாகத் திறக்காமல் நீ சும்மா வந்து சேர்ந்தால், நீ வெயிலில் நின்று சேர்த்ததெல்லாம் அந்த நோட்டீஸுக்குள் போய்விடும். புதிதாகத் திறந்தாலோ, அந்தப் பெண்களை நிறுத்தும் தாளில் உன் கையெழுத்து விழும்; அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே, வராதே.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் பேசும்போதெல்லாம் உன் அக்கா இளமதி பக்கத்திலேயே நிற்கிறாள். நீ வருகிறாய் என்று மாடி அறைக்கு வெள்ளை அடித்து, புது மெத்தையும் வாங்கிப் போட்டிருக்கிறாள். இதோ, எழுதும்போதும் வந்து நின்று, "அவன சீக்கிரம் வரச் சொல்லி எழுதுங்க" என்கிறாள். அப்படியே எழுதியிருப்பதாகச் சொல்லிவிட்டேன். அடுத்த முறை அவள் பேசும்போது, கம்பெனியில் விடமாட்டேன் என்கிறார்கள் என்று நீயாகவே சொல்லிவிடு. அவள் அழுதாலும் மாற்றிப் பேசாதே. தில்லைக் காளி உனக்குத் துணை இருப்பாள்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
மாமா,
மணவாளன்